மலையில் தீ, வானில் வாளி

ஜனவரி பிறந்து பனி விலகி வெயில் ஏறத் தொடங்கியதும், மலையகத்திலிருந்து கொழும்புப் பத்திரிகை அலுவலகங்களுக்கு ஒரே அச்சில் வார்த்தெடுத்தாற் போன்ற செய்திகள் வரத் தொடங்கும். இன்ன தோட்டத்தை அண்டிய வனப்பகுதியில் இனந்தெரியாத விஷமிகள் தீ வைத்தனர். பல ஏக்கர் எரிந்து நாசமாகியது. வரட்சியும் காற்றும் காரணமாகத் தீ வேகமாகப் பரவியது. பொலிஸாரும் பொதுமக்களும் இணைந்து தீயைக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தனர். தோட்டத்தின் பெயரையும் ஏக்கர் கணக்கையும் மாற்றிவிட்டால் சென்ற ஆண்டுச் செய்தி இவ்வாண்டுக்கும் பொருந்தும். செய்தி மேசையில் பல ஆண்டுகள் குந்தியிருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: அந்தச் செய்தியில் என்னை எப்போதும் உறுத்தி வந்தது 'விஷமிகள்' என்ற சொல் அன்று, 'பொதுமக்கள்' என்ற சொல்தான். யார் அந்தப் பொதுமக்கள்? எதைக் கொண்டு அணைத்தார்கள்? அவர்களில் எவருக்கேனும் காயம் பட்டதா? செய்தி சொல்லாது.

அண்மைக் காலத்தில் இந்தச் செய்தியுடன் ஒரு புதிய வாக்கியம் சேர்ந்துகொண்டுள்ளது. "விமானப்படையின் ஹெலிகொப்டர் உதவி கோரப்பட்டுள்ளது." 2025ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஊவா மாகாணத்து எல்ல மலையில் தீ பரவியபோது, விமானப்படையின் பெல் 212 ரக ஹெலிகொப்டர் அடியில் ஒரு வாளியைத் தொங்கவிட்டபடி பறந்து சென்று தண்ணீரைக் கொட்டியது. அந்தக் காட்சியைத் தொலைக்காட்சியிலும் கைப்பேசியிலும் பார்த்தவர்களுக்கு ஒரு நம்பிக்கை பிறந்திருக்கிறது. இனி மலையில் தீ பிடித்தால் வானத்திலிருந்து வாளி வரும் என்ற நம்பிக்கை. அந்த நம்பிக்கையைப் பற்றித்தான் இந்தப் பதிவு. வாளியைக் கொண்டுவரும் மனிதர்கள் மீது எனக்குள்ள மதிப்பையும், அந்த வாளியின் மேல் நாம் ஏற்றிவைக்கும் நம்பிக்கை குறித்த என் அச்சத்தையும் சேர்த்தே எழுதுகிறேன்.

டொரன்டோவிலும் சிட்னியிலும் சென்னையிலும் இருந்து இதனை வாசிப்போருக்காக இடத்தைச் சற்று விளக்கிவிடுகிறேன். நோர்வூட், நுவரெலியா மாவட்டத்தில் ஹட்டனிலிருந்து டிக்கோயா வழியாகச் செல்லும் பாதையில் உள்ள சிறு நகரம். ஒரு கிளை பொகவந்தலாவைக்கும் மற்றது மஸ்கெலியாவுக்கும் பிரிகிறது. மஸ்கெலியாவுக்கு அப்பால் சிவனொளிபாதமலை. நகரை ஒட்டி ஓடும் கெஹெல்கமு ஓயா சற்றுக் கீழே காசல்ரீ நீர்த்தேக்கத்தில் சேர்கிறது; மலையின் மறுபக்கத்தில் மவுஸ்ஸாகலை நீர்த்தேக்கம். கண்ணுக்கெட்டிய வரை தேயிலை. தேயிலைக்கு மேலே மலையுச்சிகளில் மானாப்புல்லும், அதற்கிடையே பைன் மரங்களும் டர்பன்டைன் என்று தோட்டத்தார் அழைக்கும் யூக்கலிப்டஸ் மரங்களும்.

தீயின் கதை அந்த மேற்பகுதியில்தான் தொடங்குகிறது. வரட்சிக் காலத்தில் மானாப்புல் வைக்கோலாகிவிடும். பைன் மரத்தின் உதிர்ந்த ஊசியிலைகளில் பிசின் உண்டு. யூக்கலிப்டஸ் இலையில் எண்ணெய் உண்டு. மூன்றும் ஓரிடத்தில் சேர்ந்தால், காற்றும் சேர்ந்தால், ஒரு தீக்குச்சி போதும். நம் மலைகளில் தீ தானாகப் பற்றுவது அரிது. மாட்டுக்குப் புதுப்புல் துளிர்க்கட்டும் என்று வைப்பவர் உண்டு. வேட்டைக்காக வைப்பவர் உண்டு. குப்பையை எரிக்கப்போய்க் கைமீறவிட்டவர் உண்டு. பீடித்துண்டை எறிந்தவர் உண்டு. சும்மா வேடிக்கை பார்க்க வைப்பவரும் உண்டு. இவர்களையெல்லாம் 'விஷமிகள்' என்ற ஒரே மூட்டையில் கட்டிப்போட்டுவிட்டால் காரணத்தை ஆராய வேண்டிய தொல்லை நமக்கில்லை.

இனி வாளிக்கு வருவோம்.

காட்டுத்தீயின் மீது நீர் கொட்டும் அந்த மடங்கு வாளியைக் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தைச் சேர்ந்த டொன் ஆர்னி என்பவர் 1980களின் தொடக்கத்தில் உருவாக்கினார். 'பாம்பி வாளி' என்பது அதன் பெயர். குடையைப்போல் மடித்து ஹெலிகொப்டருக்குள் வைத்துக் கொண்டு போகலாம். தேவையான இடத்தில் விரித்துக் கொக்கியில் மாட்டலாம். நீர்நிலையின் மேல் ஹெலிகொப்டர் அந்தரத்தில் நிற்க, வாளி நீருக்குள் சரிந்து நிரம்பும். தீயின் மேல் வந்ததும் விமானி ஒரு விசையை அழுத்த, அடிப்பக்கம் திறந்து நீர் கொட்டும். கருவி எளியது. அதைக் கொண்டு செய்யும் வேலை எளியதன்று.

நிரம்பிய வாளி ஹெலிகொப்டருக்குக் கீழே ஊசலாடும் ஓர் எடை. அதை விமானியால் நேராகப் பார்க்க முடியாது. திறந்த கதவருகே படுத்தோ குனிந்தோ கீழே பார்த்துக்கொண்டிருக்கும் சக பணியாளர், இன்னும் இத்தனை அடி, சற்று வலப்புறம், போதும் என்று சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். விமானி, துணை விமானி, கதவருகே நிற்பவர் ஆகியோரின் குரலும் காதும் ஒன்றாக இயங்கினால்தான் வாளி நீரைத் தொடும். ஏரியின் அமைதியான நீர்ப்பரப்பு உயரத்தை மதிப்பிடவிடாமல் கண்ணை ஏமாற்றும். மலையுயரத்தில் காற்று மெலிந்திருக்கும்; மெலிந்த காற்றில் சுழலி தாங்கும் எடை குறையும். தீக்கு மேலேயோ காற்று சூடேறி இன்னும் மெலியும். புகை கண்ணை மறைக்கும். பள்ளத்தாக்குக்குக் குறுக்கே மின்கம்பிகள் ஓடும். மிகத் தாழப் பறந்தால் சுழலியின் காற்றே தீயை ஊதிப் பெருக்கிவிடும். மிக உயரப் பறந்தால் நீர் தரையைச் சேருமுன் தூறலாகச் சிதறிவிடும். இரண்டுக்கும் நடுவிலுள்ள ஒடுங்கிய இடைவெளியில், மணித்தியாலக் கணக்கில், திரும்பத் திரும்ப அதே வேலை. இதைச் செய்பவர்களை வீரர்கள் என்று சொல்வதற்கு நான் தயங்க மாட்டேன்.

நமது விமானப்படையினருக்கு இதில் அனுபவம் இல்லாமலில்லை. 2020 செப்டெம்பரில் கிழக்குக் கடலில் நியூ டயமண்ட் என்ற எண்ணெய்க் கப்பல் எரிந்தபோது அதன் மேல் ஹெலிகொப்டரிலிருந்து நீர் கொட்டினார்கள். 2021 மே மாதம் கொழும்புத் துறைமுகத்துக்கு வெளியே எக்ஸ்பிரஸ் பேர்ள் எரிந்தபோது தீயணைப்புப் பொடியைத் தூவினார்கள். இந்திய விமானப்படை உத்தராகண்ட் மாநிலத்துக் காட்டுத்தீயின்மேல் 2016இலும் 2024இலும் பீம்தால் ஏரி நீரை அள்ளிக் கொட்டியது. தேயிலை நாட்டவரான நமக்கு நெருக்கமான உதாரணம் நீலகிரி. 2024 மார்ச்சில் குன்னூரை அடுத்த ஃபாரஸ்ட்டேல் பகுதியில் தீ நாட்கணக்கில் எரிந்தது. தமிழக அரசின் வேண்டுகோளின் பேரில் சூலூர் தளத்திலிருந்து எம்.ஐ. 17 வி5 ஹெலிகொப்டர் வந்து 16,000 லீற்றருக்கு மேல் நீரைக் கொட்டியதாக இந்திய விமானப்படை அறிவித்தது.

16,000 லீற்றர் என்றதும் பெரிய தொகையாகத் தோன்றுகிறது. நம் ஊர்க் கணக்கில் அது இரண்டு மூன்று தண்ணீர் பவுசர்கள்தான். எம்.ஐ. 17 பெரிய இயந்திரம். நம்மவர்கள் பயன்படுத்தும் பெல் 212 அதைவிடச் சிறியது. அதன் வாளி ஒரு தடவைக்குச் சுமார் ஆயிரம் லீற்றர் அளவிலேயே சுமக்கும். பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை என்று வைத்துக்கொண்டாலும் ஒரு மணித்தியாலத்தில் ஆறாயிரம் லீற்றர், அதாவது ஒரு பவுசர். பவுசர் ஏற முடியாத மலைமுகட்டில் அந்த ஒரு பவுசர் நீர் விலைமதிப்பற்றது என்பதை மறுக்கவில்லை. ஆனால் மைல்நீளத்துக்கு எரியும் புல்வெளியை அது அணைத்துவிடாது. வானத்து நீர் தீயின் வேகத்தைத் தணிக்கும், சுவாலையைத் தாழ்த்தும், தரையில் நிற்பவன் கிட்டப்போய் அடிக்கக்கூடிய அளவுக்குச் சூட்டைக் குறைக்கும். வேருக்குள்ளும் மக்கிய சருகுக்குள்ளும் கனன்றுகொண்டிருக்கும் நெருப்பைக் கிளறி, மண்ணைப் போட்டு, முற்றாக அணைப்பவன் தரையில் நிற்பவன்தான். அவன் அங்கு இல்லாவிட்டால் ஹெலிகொப்டர் திரும்பிப்போன ஒரு மணித்தியாலத்தில் தீ மீண்டும் எழுந்து நிற்கும்.

உலகிலேயே செல்வம் மிகுந்த தீயணைப்பு விமானத் தொகுதியை வைத்திருப்பவர்கள் கலிஃபோர்னியாக்காரர்கள். 2025 ஜனவரி 7ஆம் திகதி இரவு லொஸ் ஏஞ்சலிஸ் நகரின் ஓரம் பற்றி எரிந்தபோது, புயற்காற்றின் காரணமாக அந்த விமானங்களைத் தரையில் நிறுத்திவைக்க வேண்டியதாயிற்று. தீ மிக மோசமாகப் பரவுவது காற்று மிகக் கடுமையாக வீசும் வேளையில்; ஹெலிகொப்டர் பறக்க இயலாமற் போவதும் அதே வேளையில். காற்று தணிந்த பின்னர் பறந்த விமானங்களில் ஒன்றின் இறக்கையை யாரோ ஒருவரின் டிரோன் மோதித் துளைத்தது. படம் பிடிக்கும் ஆசையில் மலைகளில் டிரோன் பறக்கவிடும் நம் இளைஞர்களும் சுற்றுலாப் பயணிகளும் இதனை நினைவில் வைக்க வேண்டும்.

நோர்வூட்டுக்கு வருவோம். பெல் 212 ஹெலிகொப்டர்களைக் கொண்ட விமானப்படையின் 7ஆம் இலக்க அணியின் தளம் வடமத்திய மாகாணத்து ஹிங்குராக்கொடையில் இருக்கிறது. வான்வழியாக அங்கிருந்து நோர்வூட்டுக்கு ஏறத்தாழ 140 கிலோமீற்றர். பறக்க மட்டும் முக்கால் மணித்தியாலம் வேண்டும். அதற்கு முன் கோரிக்கை மேலே போக வேண்டும். அனுமதி கீழே வர வேண்டும். வாளியும் ஆட்களும் தயாராக வேண்டும். பின்னேரமாகிவிட்டால் மலையில் மேகம் இறங்கும். இருட்டினால் அன்றைய பறப்பு முடிந்தது. தீக்கோ இருட்டும் மேகமும் ஒரு பொருட்டன்று.

மலையும் மேகமும் சேர்ந்தால் என்ன நேரும் என்பதை இந்தப் பிரதேசம் நன்கறியும். 1974 டிசெம்பர் 4ஆம் திகதி இரவு இந்தோனேசியாவிலிருந்து ஹஜ் யாத்திரிகர்களை ஏற்றிக்கொண்டு கொழும்பு நோக்கி வந்த மார்ட்டினெயார் விமானம் நோர்ட்டன் பிரிட்ஜ் பக்கத்து ஏழு கன்னியர் மலையில் மோதியதில் 191 பேரும் மாண்டனர். நீலகிரியிலும் அப்படித்தான். பின்னர் குன்னூர்த் தீயின்மேல் நீரிறைத்த அதே எம்.ஐ. 17 வி5 ரகம், அதே சூலூரிலிருந்து 2021 டிசெம்பர் 8ஆம் திகதி புறப்பட்டு, காட்டேரி அருகே திடீர் மேகத்துள் நுழைந்து மோதியதில், இந்திய முப்படைத் தளபதி பிபின் ராவத் உட்பட அதிலிருந்த 14 பேரும் உயிரிழந்தனர். தீயணைப்புப் பணியில் எடைக்கணக்கு தவறினால் என்னவாகும் என்பதற்கு 2008 ஓகஸ்ட்டில் கலிஃபோர்னியாவின் ட்ரினிட்டி மலைக்காட்டில் நேர்ந்தது சாட்சி. தீயணைப்பாளர்களை ஏற்றிக்கொண்டு மேலெழுந்த ஹெலிகொப்டர் உயரத்தைப் பிடிக்க முடியாமல் வீழ்ந்து 9 பேர் இறந்தனர். ஹெலிகொப்டரின் எடையைக் குறைத்துக் காட்டிய ஆவணங்களே அதற்கு வழிகோலின என்று விசாரணை கண்டறிந்தது.

நமது நாட்டில் 2025ஆம் ஆண்டு மட்டும் இரண்டு பெல் 212 ஹெலிகொப்டர்கள் விபத்துக்குள்ளாகின. மே 9ஆம் திகதி மாதுறு ஓயா நீர்த்தேக்கத்தில் வீழ்ந்ததில் 6 படையினர் இறந்தனர். நவம்பர் 30ஆம் திகதி, டித்வா சூறாவளியின் நிவாரணப் பணியில் இருந்த மற்றொன்று லுணுவில பகுதியில் வீழ்ந்து அதன் விமானி மாண்டார். அந்த நாட்களில் மண்சரிவால் துண்டிக்கப்பட்ட மலையகத் தோட்டங்களுக்கு அரிசியும் மருந்தும் கொண்டு வந்தவை ஹெலிகொப்டர்களே. இந்த ரக ஹெலிகொப்டர்களின் உற்பத்தி 1998இலேயே நின்றுவிட்டது. விபத்துகளுக்குக் காரணம் முதுமை என்று நான் சொல்ல வரவில்லை. ஒவ்வொரு பறப்பிலும் ஒரு குழுவின் உயிரைப் பணயம் வைக்கிறோம் என்பதையே சொல்கிறேன். ஆகவே தரையில் செய்திருக்க வேண்டிய காரியத்தைச் செய்யாமல் விட்டு, கடைசி நாளில் அந்த மனிதர்களைப் புகைக்குள் அனுப்புவது நியாயமா என்பது என் முதற் கேள்வி.

இரண்டாவது கேள்வி, தரையில் நிற்பவரைப் பற்றியது.

2018 மார்ச் 11ஆம் திகதி தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையில், கொழுக்குமலைத் தேயிலைத் தோட்டத்துப் பக்கமிருந்து இறங்கி வந்த மலையேற்றக் குழுவினர் புல்வெளித் தீயில் சிக்கினர். இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்த பெருந்துயரம் அது. ஹெலிகொப்டர்கள் அழைக்கப்பட்டன. ஆனால் இரவு கவிந்துவிட்டது. அந்த இரவில் கைவிளக்குடன் சரிவில் ஏறி, எரிந்த உடல்களோடு கிடந்தவர்களைத் தேடிக் கண்டு, போர்வையிலும் கம்பிலும் தூளி கட்டிச் சுமந்து இறக்கியதில் உள்ளூர் மக்களின் பங்கு பெரிது. வானூர்தியின் படம் எல்லாப் பத்திரிகைகளிலும் வந்தது. தூளி சுமந்தவரின் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்?

நம் தோட்டங்களிலும் இதுதான் நடைமுறை. மலைமுகட்டில் புகை எழுந்ததும் லயனிலிருந்து ஓடுபவர்கள் தோட்டத் தொழிலாளர்கள். தேயிலை மலைக்குள் தீ இறங்கிவிட்டால் அவர்களுடைய வேலை போகும். கவ்வாத்து வெட்டிய மலையில் காய்ந்து கிடக்கும் மிலாறு பற்றிக்கொண்டால் தீ லயன் வாசலுக்கு வரும். அதனால் எவரும் அழைக்க வேண்டியதில்லை. கையில் ஒரு பச்சைக் கொப்பு, நனைத்த சாக்கு, மண்வெட்டி, காலில் இறப்பர்ச் செருப்பு. பத்திரிகைச் செய்தியின் 'பொதுமக்கள்' இவர்கள்தான். வானிலிருந்து அணைப்பவருக்குத் தலைக்கவசம் உண்டு, பயிற்சி உண்டு, பதவி உண்டு, இறந்தால் அரச மரியாதை உண்டு. அவை அனைத்தும் அவருக்கு உரியவையே. தரையிலிருந்து அணைப்பவருக்கு என்ன உண்டு? காலை பெரட்டுக்களத்தில் பெயர் கொடுத்துவிட்டு மத்தியானம் தீயடிக்கப் போனவருக்கு அன்றைய பேர் முழுதாக விழுமா, அரைப்பேரா? தோட்ட எல்லைக்கு வெளியே, வனத் திணைக்களக் காணியில் தீயை அடிக்கும்போது சறுக்கி விழுந்து கால் முறிந்தால் அது வேலைத்தலக் காயமா, சொந்த விபத்தா? இந்தக் கேள்விகளுக்கு எழுத்தில் விடை இருக்க வேண்டும்.

தீயணைப்பு வாகனம் இல்லையா என்று கேட்பீர்கள். அது நகரத்திலிருந்து வர வேண்டும். வளைந்து நெளிந்த தோட்டப் பாதையில் ஏற வேண்டும். பாதை முடியும் இடத்துக்கு மேல்தான் தீ இருக்கும். இந்தக் குறைக்கு ஒரு வரலாறும் உண்டு. 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின் ஏற்பாடுகள், தோட்டக் குடியிருப்புகளுக்குப் பிரதேச சபையின் பணத்தைச் செலவிடுவதற்குத் தடையாக மூன்று தசாப்தங்கள் நின்றன. வாக்களிக்கலாம், சேவை கேட்க முடியாது என்ற விசித்திர நிலை. 2018இல்தான் சட்டம் திருத்தப்பட்டது. அதே ஆண்டில்தான் அம்பகமுவ பிரிக்கப்பட்டு நோர்வூட்டுக்கென்று தனிப் பிரதேச சபையும் வந்தது. சட்டத்தின் தடை நீங்கிவிட்டது. மனத்தின் தடை நீங்கிவிட்டதா என்பதை வரவுசெலவுத் திட்டத்தில் தீத்தடுப்புக்கு ஒதுக்கப்படும் தொகையைக் கொண்டே அளக்கலாம்.

மலையகத்து நண்பர்கள் சிலர் இந்த இடத்தில் என்னிடம் கோபப்படுவார்கள் என்பது தெரியும். "எல்ல வெள்ளைக்காரர் வந்து போகும் இடம், அங்கே ஹெலிகொப்டர் வரும். எங்கள் தோட்டத்துக்கு வருமா? நாங்கள் கேட்கும் முன்பே நீங்கள் வேண்டாம் என்கிறீர்களே" என்பார்கள். அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது. நோர்வூட் மைதானம் ஹெலிகொப்டரை அறியாததன்று. 2017 மே 12ஆம் திகதி இந்தியப் பிரதமர் மோடி அங்கே மலையக மக்களிடையே உரையாற்றினார். தலைவர்கள் வரும்போது சுற்றுவட்டாரத்தில் இறங்குதளம் உடனே தயாராகிவிடுகிறது. தீ வரும்போதும் தயாராக இருக்க வேண்டும் என்று கேட்பது சலுகையன்று, உரிமை. நான் ஹெலிகொப்டர் வேண்டாம் என்று சொல்லவில்லை. அது வந்து சேரும்போது பயன்படக்கூடிய நிலையில் தரை இருக்க வேண்டும் என்கிறேன்.

வாளிக்கு வேண்டிய நீர் நோர்வூட்டைப்போல் கையெட்டும் தூரத்தில் உள்ள இடங்கள் குறைவு. ஒருபுறம் 1965இல் முடிந்த காசல்ரீ, மறுபுறம் 1969இல் முடிந்த மவுஸ்ஸாகலை. வரட்சி கடுமையானால் மவுஸ்ஸாகலையின் நீர் வற்றி, மூழ்கிப்போன பழைய மஸ்கெலியா நகரத்தின் கோவிலும் கட்டடங்களும் தலைகாட்டும். அதைப் பார்க்க மக்கள் கூடுவர். அந்தக் காலத்திலும் வாளிக்குப் போதுமான நீர் அங்கிருக்கும். எந்தக் குடாவில் வாளியை முக்கலாம், எந்தப் பள்ளத்தாக்கில் மின்கம்பி குறுக்கே போகிறது, எந்த மைதானத்தில் இறங்கி எரிபொருள் நிரப்பலாம் என்ற வரைபடத்தை டிசெம்பரிலேயே விமானப்படையும் மாவட்டச் செயலகமும் சேர்ந்து வரைந்து வைக்கலாம். தீ எரியும்போது வரைபடம் தேடுவது விமானியின் உயிரோடு விளையாடுவது.

தரையில் செய்ய வேண்டியவை இன்னும் எளியவை. மழை விட்டுப் புல் காய்வதற்கு முன், தேயிலைக்கும் மானாப்புல்லுக்கும் இடையே சில யார் அகலத்துக்குப் புல்லைச் செதுக்கி வெறுநிலமாக்கிவிட வேண்டும். தீ தாண்டாத கோடு அது. கான் வெட்டத் தெரிந்த தொழிலாளிக்கு இதைக் கற்பிக்க வேண்டியதில்லை. அதற்குப் பேர் போட்டால் போதும். ஒவ்வொரு தோட்டப் பிரிவிலும் பத்துப் பதினைந்து பேருக்குப் பயிற்சி, சப்பாத்து, கையுறை, நீண்ட பிடியுள்ள தீயடிப்பான். முதுகில் சுமந்து மருந்தடிக்கும் பம்பு தோட்டங்களில் ஏற்கெனவே இருக்கிறது. சிலவற்றைத் தண்ணீருக்கென்று தனியே ஒதுக்கி வைத்தால் கனன்றுகொண்டிருக்கும் அடிநெருப்பை அணைக்க அதைவிட நல்ல கருவி இல்லை. தீயடிக்கப் போகும் ஒவ்வொருவருக்கும் காப்புறுதி. புகையைக் கண்ட முதல் நிமிடத்திலேயே அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கத்துக்குத் தமிழில் பேசி, தமிழில் பதில் பெறக்கூடிய ஏற்பாடு. இவற்றுள் எதற்கும் வெளிநாட்டுக் கடன் தேவையில்லை.

இதற்கெல்லாம் பணம் எங்கே என்று கொழும்பில் கேட்பவர்களுக்கு ஒரு பதில் உண்டு. எரியும் மலை தோட்டத்தாருடையது மட்டுமன்று. காசல்ரீயும் மவுஸ்ஸாகலையும் களனி கங்கையின் தலைநீர். அந்த நீர் லக்ஷபான தொகுதியின் மின்நிலையங்களைச் சுழற்றிவிட்டுக் கீழே போய், அம்பத்தலையில் சுத்திகரிக்கப்பட்டுத் தலைநகரத்தின் குழாய்களில் வருகிறது. தீயில் புல்லையும் வேரையும் இழந்த சரிவின் மண், முதல் பெருமழையில் அடித்துச் செல்லப்பட்டு நீர்த்தேக்கத்தின் அடியில் படியும். படிந்த மண்ணின் அளவுக்கு நீர் குறையும். 2025 நவம்பரின் மண்சரிவுகளைக் கண்ட பிறகு, மலைச்சரிவைப் பற்றிப் பிடித்துக்கொண்டிருக்கும் வேரின் பெறுமதியை எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. மலையின் மேலே கொப்பைக் கொண்டு தீயடிப்பவர் தன் லயனை மட்டும் காக்கவில்லை. கொழும்புக்காரரின் மின்விளக்கையும் குடிநீரையும் காக்கிறார். அவருக்கொரு சோடிச் சப்பாத்து வாங்கிக் கொடுப்பது தருமக் கணக்கில் எழுத வேண்டிய செலவன்று.

பத்திரிகைத் துறை இளைஞர்களுக்கும் ஒரு வார்த்தை. அடுத்த வரட்சியில் தீச்செய்தி எழுதும்போது ஹெலிகொப்டரின் படத்தைப் போடுங்கள். அந்த விமானியும் கதவருகே குனிந்து நின்றவரும் அதற்குத் தகுதியானவர்கள். அதே பக்கத்தில், 'பொதுமக்கள்' என்று முடித்துவிடாமல், தோட்டத்துப் பெயரையும், எத்தனை ஆண்கள், எத்தனை பெண்கள் மலையேறினார்கள் என்பதையும், அவர்கள் கையில் என்ன இருந்தது என்பதையும் எழுதுங்கள். தீ எப்படித் தொடங்கியது என்பதை ஒரு வாரம் கழித்துப் பொலிஸ் நிலையத்தில் மீண்டும் விசாரித்து எழுதுங்கள். இரண்டு மூன்று வரட்சிக் காலங்களுக்கு இப்படி எழுதினால், அதிகாரிகளின் மேசையில் 'விஷமிகள்' என்ற சொல்லுக்குப் பதில் சில கணக்குகள் இருக்கும்.

வானிலிருந்து வருபவர் ஒரு மணித்தியாலம் வாங்கித் தருகிறார், தன் உயிரைப் பணயம் வைத்து. அந்த ஒரு மணித்தியாலத்தைப் பயன்படுத்தக் கீழே ஆட்கள் வேண்டும். அவர்கள் கையில் கருவியும், காலில் சப்பாத்தும், வீட்டில் ஒரு காப்புறுதிப் பத்திரமும் வேண்டும். தேயிலைக்கும் மானாவுக்கும் இடையே செதுக்க வேண்டிய கோட்டை இந்த ஆண்டு எத்தனை தோட்டங்கள் செதுக்கின என்று கேட்டுப் பாருங்கள். அடுத்த ஜனவரிக்கு முன் செய்து முடிக்கக்கூடிய வேலை அது.